பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தை உள்ளாட்சி எடுத்துச் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, சுவர் விரிசலில் செடி வேர்விட்டிருக்கிறது, ராத்திரியில் யாரோ உள்ளே போய் வருகிறார்கள். உரிமையாளர் எங்கே என்று யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் அவர் அசைவதில்லை. இந்த மாதிரிக் கட்டிடத்தை உள்ளாட்சி சில காலம் தன் பொறுப்பில் எடுத்து, பழுது பார்த்து, மறுபடி ஆள் வாழும் இடமாக்குவதற்கு உலகின் பல ஊர்களில் சட்டம் இருக்கிறது. அதைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது சொத்தைப் பறிமுதல் செய்வதுதானே?

இல்லை. பத்திரம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். மாறுவது கைவசம்தான்: சாவி, பழுது பார்க்கும் அதிகாரம், வாடகைக்கு விடும் அதிகாரம், அந்த வாடகையை வாங்கிச் செலவுக்கு எடுக்கும் அதிகாரம். பேச்சில் நாம் "தற்காலிக உடைமை" என்கிறோம். சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் தற்காலிக நிர்வாகம். வயது வராத பிள்ளையின் சொத்தை நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளர் பார்த்துக்கொள்வார் அல்லவா, கிட்டத்தட்ட அந்த உறவு.

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தது. 2006இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் இரண்டு படிகள். முதலில் இடைக்கால உத்தரவு, அதிகபட்சம் 12 மாதம். அந்தக் காலத்தில் உரிமையாளர் சம்மதிக்காமல் யாரையும் குடிவைக்க முடியாது. பேசிப் பார்த்தும் பலனில்லை என்றால் இறுதி உத்தரவு, அது 7 ஆண்டுவரை நீளும். அப்போது குடிவைக்க அவர் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் வீடு அவருடையது. செலவு போக வாடகையில் மிஞ்சினால் அது அவருக்கே சேரும்.

ஸ்பெயினின் கேட்டலோனியா இன்னும் ஒரு படி தாண்டியது. அங்கே 2016இல் வந்த சட்டப்படி, காலியாகக் கிடக்கும் வீட்டின் பயன்பாட்டு உரிமையை மட்டும் 4 முதல் 10 ஆண்டுவரை அரசு எடுத்துக்கொள்ளலாம். குறி முக்கியமாக வங்கிகள் போன்ற நிறுவனங்கள் கையில் முடங்கிய வீடுகள்மேல். காலம் முடிந்ததும் அந்த உரிமை திரும்பிப் போய்விடும்.

எந்தக் கட்டிடத்தை வேண்டுமானாலும் எடுக்க முடியுமா?

முடியாது, முடியவும் கூடாது. அழுக்காக இருக்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் தனியாகக் காரணம் ஆகாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2008இல் வந்த சட்டம் நல்ல உதாரணம். கட்டிடத்துக்கு ஒரு காப்பாளரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடும் முன் சில அடிப்படை நிபந்தனைகள் பொருந்த வேண்டும்: கடந்த 12 மாதமாகச் சட்டப்படி யாரும் குடியிருக்கவில்லை, கடந்த 60 நாளில் விற்பனைக்கு வைத்து யாரும் முயலவில்லை, அடமானக் கடனுக்காக ஏற்கெனவே வழக்கு நடக்கவில்லை, இப்போதைய உரிமையாளர் கடந்த 6 மாதத்துக்குள் வாங்கியவர் இல்லை. இதோடு முடியவில்லை. தீப்பிடிக்கும் அபாயம், வெளியாள் நுழையும் நிலை, பூச்சியும் குப்பையும், குழந்தைகள் உள்ளே போய் அடிபடும் ஆபத்து, வாழத் தகுதியின்மை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் குறைந்தது மூன்று நிரூபிக்கப்பட வேண்டும்.

இங்கிலாந்தில் விதிவிலக்குகள் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. உரிமையாளர் வேறிடத்தில் தற்காலிகமாக இருந்தால், மருத்துவப் பராமரிப்பில் இருந்தால், வீடு விடுமுறை வீடாக இருந்தால், விற்பனையில் இருந்தால், அவர் இறந்து வாரிசு ஏற்பாடு முடியாமல் இருந்தால் கைவைக்க முடியாது. ஆரம்பத்தில் 6 மாதம் காலியாக இருந்தாலே போதும் என்றிருந்தது. 2012இல் அதை 2 ஆண்டாக உயர்த்தி, சுற்றியிருப்பவர்களுக்குத் தொல்லையாக இருப்பதையும் காட்ட வேண்டும் என்று இறுக்கினார்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒருவருடைய வீட்டுக்குள் அவர் அனுமதி இல்லாமல் நுழைகிறோம் என்றால் வாசற்படி உயரமாகத்தான் இருக்க வேண்டும்.

அபராதம் போட்டால் போதாதா?

உரிமையாளர் உயிரோடு, ஊரில், கையில் காசோடு இருந்தால் பல நேரம் போதும். சிக்கலான கட்டிடங்களில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று குறையும். இறந்தவர் பெயரில் சொத்து, ஏழெட்டு வாரிசுகள், அவர்களில் இரண்டு பேர் எங்கே என்றே தெரியாது. அல்லது முகவரியாக ஒரு தபால் பெட்டி மட்டும் வைத்திருக்கும் கம்பெனி. அபராத நோட்டீஸைக் கதவில் ஒட்டுகிறார்கள், மழையில் நனைந்து அதுவும் கிழிகிறது. அபராதம் ஏறி ஏறிக் கட்டிடத்தின் மதிப்பையே தாண்டிவிட்டால், அப்புறம் அதை வாங்கவும் ஆள் வராது.

இதற்கிடையில் மழை காத்திருப்பதில்லை. ஒரு கட்டிடம் எப்படிச் சாகிறது என்று கிட்டத்தில் பார்த்தால்தான் அவசரம் புரியும். கூரையில் ஒரு ஓடு நழுவுகிறது. அல்லது மழைநீர்க் குழாயில் சருகு அடைத்து, தண்ணீர் சுவரோடு வழிகிறது. அந்த வாரமே பார்த்தால் ஏணியும் அரை நாள் கூலியும் போதும். பார்க்க ஆளில்லை. தண்ணீர் உத்திரத்தின் முனையைத் தேடிப் போகிறது. உத்திரம் சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் காற்று படாது, ஈரம் காயாது. வெளியே பார்க்க மரம் கெட்டியாக இருக்கும், விரலால் அழுத்தினால் முனை மட்டும் நனைந்த ரொட்டி மாதிரி உள்வாங்கும். முனை போனால் உத்திரம் இறங்கும், மாடித்தளம் சரியும், சுவரை இருபுறமும் பிடித்து நிறுத்தியிருந்த பிடிமானம் போகும். அதற்குப் பிறகு சுவர் வெளிப்பக்கம் பிதுங்கத் தொடங்கும். சுவர் ஒட்டிய வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரிவதும் இந்தக் கட்டத்தில்தான். அபராத வழக்கு அப்போதும் வாய்தாவில் இருக்கும்.

வரியே காலி வீட்டை உண்டாக்கிய கதையும் உண்டு. ஜப்பானில் குடியிருப்புக் கட்டிடம் நிற்கும் சிறு மனைக்கு நிலவரி மதிப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. இடித்தால் வரி கூடும், அதனால் வாரிசுகள் வீட்டை இடிக்காமல் அப்படியே விட்டார்கள். 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆபத்தான நிலையில் உள்ள காலி வீடுகளுக்கு உள்ளாட்சி பரிந்துரை அனுப்பியதும் அந்தச் சலுகை போகும் என்று மாற்றியது. 2023 திருத்தம் இன்னும் அவ்வளவு மோசமாகாத வீடுகளையும் அதில் சேர்த்தது. அதே ஆண்டு முதல், கவனிப்பாரற்ற கட்டிடத்துக்கு நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும் வழியும் அங்கே திறந்தது.

கட்டிடம் கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

பெயின்ட் அடிப்பது இல்லை. முதல் நாள் செய்வதெல்லாம் கட்டிடம் இன்னும் கெடாமல் நிறுத்தும் வேலை. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் இணைப்புகளைச் சோதித்துத் துண்டிக்க வேண்டும். கூரைக்குத் தார்ப்பாய் போட வேண்டும், மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும், உடைந்த ஜன்னல்களை அடைக்க வேண்டும். தளம் தாங்குமா என்று பொறியாளர் பார்த்த பிறகுதான் மாடிக்கு ஆள் ஏற வேண்டும்.

அப்புறம் பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று: உள்ளே இருக்கும் பொருள். கதவைத் தள்ளினால் முழுசாகத் திறக்காது, பின்னால் வருடக்கணக்கான தபால் குவிந்து அதைத் தடுக்கும். உள்ளே ஒரு பெட்டியில் கல்யாணப் போட்டோ, பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு. இவையெல்லாம் இன்னும் ஒருவருடையவை. அறை அறையாகப் படம் எடுத்து, பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரமாக வைக்க வேண்டும். இதைக் குப்பையாக அள்ளிக் கொட்டினால் உரிமையாளர் திரும்பி வரும் நாளில் மொத்தத் திட்டமும் மக்கள் கண்ணில் திருட்டாகிவிடும். அந்தத் தபால் குவியலைப் பிரித்துப் பார்த்தால் வாரிசுகளின் முகவரி கிடைப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

பொறுப்பை உள்ளாட்சியே நேரடியாக ஏற்குமா?

ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் உத்தரவு உள்ளாட்சியின் பெயரில் இருக்கும், அன்றாட வேலையை அது ஒரு வீட்டுவசதிச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் நகர நிர்வாகம் நீதிமன்றம் போகிறது, நீதிமன்றம் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றை ரிசீவராக, அதாவது நீதிமன்றத்தின் சார்பில் சொத்தைப் பொறுப்பேற்பவராக நியமிக்கிறது. பென்சில்வேனியாவில் பக்கத்தில் குடியிருப்பவரும் உள்ளூர் லாபநோக்கற்ற அமைப்பும்கூட மனுப் போடலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2017இல் ஒரு மாவட்ட நிர்வாகம், 2012 முதல் காலியாகக் கிடந்த ஆறு வீடுகள் கொண்ட கட்டிடத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அவர் பழுது பார்த்து வாடகைக்கு விடும் நிலைக்குக் கொண்டுவந்தார், செலவு உரிமையாளர் தலையில்.

யார் பெயரில் இருந்தாலும் சரி, கணக்கைத் தனியாக வைத்து, குறித்த நாளில் நீதிமன்றத்தில் காட்டுபவராக இருக்க வேண்டும். நான் முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் யார் போடுவது?

இந்த முறையின் உயிரும் வலியும் இங்கேதான். முதல் பணம் உள்ளாட்சியோ கடன் கொடுப்பவரோ போட வேண்டும். அது சொத்தின்மேல் வில்லங்கமாக ஏறும். பால்டிமோரில் ரிசீவரின் செலவுக்கு வரி பாக்கிக்கு அடுத்தபடியாக முன்னுரிமை உண்டு, அடமானம்கூட அதற்குப் பின்னால்தான். இந்த முன்னுரிமை இல்லையென்றால் யாரும் கடன் தர மாட்டார்கள். வரிசையில் கடைசியில் நிற்கும் கடனைத் திரும்ப வாங்க வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாடகையிலிருந்து திரும்ப எடுப்பது எவ்வளவு தூரம் போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகையை 1 என்று வைப்போம். நிர்வாகம், சிறு பழுது, இடையில் காலியாக இருக்கும் மாதம் எல்லாம் சேர்த்து 0.3 போகட்டும். மிச்சம் 0.7. ஏழு ஆண்டு என்பது 84 மாதம். பெருக்கினால் 58.8. அதாவது பழுதுச் செலவு சுமார் 58 மாத வாடகைக்குள் இருந்தால்தான், கடனுக்கு வட்டியே இல்லை என்றாலும், ஏழு ஆண்டில் கணக்கு நேராகும். வட்டி சேர்ந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். கூரை போய், தளம் இறங்கிய வீடு இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

அதனால்தான் இரண்டு வகைச் சட்டங்கள் வளர்ந்தன. ஓரளவு நல்ல நிலையில் உள்ள வீட்டுக்கு "எடுத்து, வாடகைக்கு விட்டு, திருப்பிக் கொடு" முறை பொருந்தும். மிகவும் சிதைந்ததற்கு பால்டிமோர் வழி: ரிசீவர் அதைத் தானே பழுது பார்க்காமல், பழுது பார்க்கப் பணமும் திறனும் உள்ளவர் என்று காட்டியவர்களிடையே ஏலம் விடுகிறார். வாங்கியவர் குறித்த காலத்தில் வேலையை முடித்தாக வேண்டும். இதில் உரிமையாளர் வீட்டை இழக்கிறார் என்பதை மூடி மறைக்கக் கூடாது. தற்காலிகம் என்று தொடங்கி நிரந்தரமாக முடிகிற வழி இது. மக்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உரிமையாளர் நடுவில் வந்து "என் வீட்டைக் கொடு" என்றால்?

கொடுக்க வேண்டும், இரண்டு விஷயம் தீர்ந்த பிறகு. இதுவரை ஆன நியாயமான செலவு, மீதி வேலையை முடிப்பார் என்பதற்கு உறுதி. பென்சில்வேனியாவில் பல வழக்குகளில், காப்பாளரை நியமிக்கும் முன்னரே உரிமையாளர் வந்து, தானே செய்துகொள்கிறேன் என்று நீதிமன்றத்தில் கால அட்டவணை கொடுத்துவிடுகிறார். அந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, உத்தரவாதத் தொகை கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இப்படி முடிந்தால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். வீடு சீராகிறது, பொதுப்பணமும் செலவாகவில்லை.

வங்கி அடமானத்தில் இருந்தால்?

வங்கிக்கும் நோட்டீஸ் போக வேண்டும். பெரும்பாலும் வங்கிக்கே முதல் வாய்ப்பும் தரப்படும்: நீயே பழுது பார்க்கிறாயா? மறுத்தால் அதன் கடன் வரிசையில் பின்னால் தள்ளப்படலாம்.

ஆட்கள் குடியிருக்கும் கட்டிடத்தையும் எடுக்க முடியுமா?

முடியும், அதற்குச் சட்டம் தனி. நியூயார்க் மாநிலத்தில் 1965 முதல் இருக்கும் ஒரு ஏற்பாட்டின்படி, வெப்பமூட்டலோ தண்ணீரோ இல்லாமல் உயிருக்கு ஆபத்தான நிலை இருந்தால், குடியிருப்போரில் மூன்றில் ஒரு பங்கினரோ நகரத்தின் வீட்டுவசதித் துறையோ நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி வாடகையை வாங்கி, அதிலிருந்தே பாய்லரையும் குழாயையும் சரிசெய்வார். யாரும் வெளியேற வேண்டியதில்லை.

ஏழைகளின் வீட்டைப் பிடுங்க இது வழியாகிவிடாதா?

ஆகலாம், ஆகியும் இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் திட்டத்தின் எதிரிகளாகப் பார்ப்பதில்லை. திட்டம் பிழைக்க வேண்டுமென்றால் இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரத்தில் வீட்டு மதிப்பு வேகமாக ஏறும் பகுதிகளில் இந்தக் காப்பாளர் மனுக்கள் குவிவதாகவும், மனுவுக்குப் பின்னால் கட்டுமான லாபம் இருப்பதாகவும், வயதான, கருப்பின உரிமையாளர்கள் சிக்குவதாகவும் கடும் குற்றச்சாட்டு எழுந்தது. நியூயார்க் நகரம் 1996இல் தொடங்கிய வேறொரு திட்டம், வரி பாக்கி உள்ள சிதைந்த கட்டிடங்களை மூன்றாம் தரப்புக்கு மாற்றியது. நாளடைவில், சிறு பாக்கிக்காகக் குடும்பங்கள் வீட்டின் முழு மதிப்பையும் இழந்தார்கள் என்ற எதிர்ப்பில் அது நின்றுபோனது. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மினசோட்டா மாநிலத்தில் 94 வயது மூதாட்டியின் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக அவர் அடுக்ககத்தை 40,000 டாலருக்கு விற்ற உள்ளாட்சி, மிச்ச 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது நீதிமன்றம்.

கைவிட்டவர் வேறு, கையில் காசில்லாதவர் வேறு. இரண்டு பேரின் வீடும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். கூரை ஒழுகுவதற்குக் காரணம் அலட்சியமா, ஓய்வூதியத்தில் மாதத்தை ஓட்டும் கஷ்டமா என்பது கதவைத் தட்டிப் பேசினால்தான் தெரியும். அதனால் நல்ல சட்டத்தில் நான் எதிர்பார்ப்பது இது: நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போகாமல் ஆள் நேரில் போக வேண்டும், உரிமையாளருக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும், தாமே குடியிருப்பவருக்கும் வாரிசுச் சிக்கலில் இருப்பவருக்கும் முதலில் பழுதுக்கடன் கொடுத்துப் பார்க்க வேண்டும், விற்றால் செலவு போக மிச்சம் ஒரு காசு விடாமல் அவருக்கே சேர வேண்டும். மனுப் போட்டவரும் அவர் சொந்தக்காரரும் ஏலத்தில் வாங்கவே கூடாது. கடைசி விதி இல்லாத இடத்தில்தான் பெரும்பாலான அநியாயம் நடக்கிறது என்பது என் கருத்து.

இதனால் எத்தனை கட்டிடங்கள் உண்மையில் மீண்டன?

உத்தரவுகளை மட்டும் எண்ணினால் ஏமாற்றமாக இருக்கும். இங்கிலாந்தில் முதல் சில ஆண்டுகளில் பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவுகள் சில பத்துகள்தான். ஆனால் "உத்தரவுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்" என்ற கடிதம் போனதுமே பேசவே வராத உரிமையாளர்கள் பேச வந்தார்கள் என்று அங்குள்ள காலி வீட்டு அலுவலர்கள் சொல்வதுண்டு. 2010இல் பால்டிமோர் தன் காலி வீட்டுத் திட்டத்தைப் புதுப்பித்தபோது அங்கே சுமார் 16,000 காலிக் கட்டிடங்கள் இருந்தன. ரிசீவர் முறை வாங்க ஆளிருக்கும் தெருக்களில் நன்றாக வேலை செய்தது. முக்கால்வாசி காலியான தெருவில் ஒரு வீட்டை மட்டும் சீராக்கினால் அங்கே குடிவர யாரும் துணிவதில்லை.

பேசாமல் இடித்துவிட்டால் என்ன?

சில கட்டிடங்களுக்கு அதுதான் பதில். ஆனால் சுவர் ஒட்டிய வரிசையில் ஒன்றை எடுத்தால் பக்கத்துச் சுவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் திறந்துவிடும், அவற்றுக்குப் பூச்சும் முட்டும் தனிச் செலவு. காலி மனையையும் யாராவது பராமரிக்க வேண்டும். வீட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் நிற்கும் நான்கு சுவரை இடிக்க எனக்கு மனம் வராது.

என் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

இன்றைக்கே ஒரு படம் எடுங்கள், தேதியோடு. அடுத்த மாதம் அதே இடத்தில் நின்று இன்னொன்று. கூரை, ஜன்னல், மழைநீர்க் குழாய், உங்கள் சுவரில் ஈரம் தெரியும் இடம். ஆள் நுழைவதைப் பார்த்தால் நாளும் நேரமும் குறித்து வையுங்கள், நீங்கள் உள்ளே போகவே போகாதீர்கள். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பதிவேட்டில் பாருங்கள். அந்தக் குடும்பத்தைத் தெரிந்த பெரியவர் தெருவில் ஒருவராவது இருப்பார், அவரிடம் விசாரியுங்கள். வாரிசு ஒருவர் கிடைத்தால் முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதலாம்: உங்கள் வீட்டுக் கூரையில் இந்த இடத்தில் ஓடு நழுவியிருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன் என்று.